லுச்சேரா: பாங்கொலி முழங்கிய இத்தாலியச் சிற்றூர்



இத்தாலி என்றவுடன் நம் நினைவில் எழுவன ரோமாபுரியும், வெனிஸ் நகரின் நீர்வீதிகளும், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமுமே. அந்நாட்டின் தென்கிழக்கே, புலியா மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ள லுச்சேரா என்னும் சிற்றூரின் பெயரைக் கேள்வியுற்றோர் நம்மிடையே மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும் கி.பி. 13ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், அவ்வூர் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழ்ந்த நகரமாக விளங்கியது. ரோமாபுரியிலிருந்து ஐந்து நாள் பயணத் தொலைவில், போப்பாண்டவரின் அரசுக்கு அண்டையில், ஐவேளையும் பாங்கொலி எழுந்தது, ஜும்ஆ நடைபெற்றது, காழிகள் தீர்ப்பு வழங்கினர். வியப்பூட்டும் இவ்வரலாற்றையும், அவ்வூரைச் சுற்றிலும் இன்றும் காணக் கிடைக்கும் காட்சிகளையும் இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறோம்.

ஊரும் அதன் தொன்மையும்

இத்தாலியின் வரைபடத்தைக் காலணி அணிந்த கால் ஒன்றுக்கு ஒப்பிடுவது வழக்கம். அக்காலின் குதிகாலுக்கு மேலே, முள் போலக் கடலுக்குள் நீண்டு நிற்பது கார்கானோ மலைப்பகுதி. அதற்கும் மேற்கிலுள்ள டவுனியா மலைகளுக்கும் இடையே பரந்து கிடக்கிறது தவோலியேரே சமவெளி. வடக்கேயுள்ள போ ஆற்றுச் சமவெளிக்கு அடுத்தபடியாக இத்தாலியின் பெரிய சமவெளி இதுவே. எங்கு நோக்கினும் கோதுமை வயல்கள். இடையிடையே ஒலிவ மரத் தோப்புகள். இச்சமவெளியின் மேற்கு விளிம்பில், மூன்று குன்றுகளின் மீது அமர்ந்திருக்கிறது லுச்சேரா. மாவட்டத் தலைநகரான ஃபோஜ்ஜியாவிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவு. இன்றைய மக்கள் தொகை ஏறத்தாழ 30,000.

ஊரின் தொன்மை மிகப் பெரிது. கி.மு. 314இல் ரோமானியர் இதனைக் கைப்பற்றி, 2,500 குடியேற்றக்காரரை இங்கு அனுப்பியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். இவ்வூர்க் கம்பளியின் சிறப்பைக் கவிஞர் ஹொரேஸ் தம் பாடலொன்றில் குறிப்பிடுகிறார். அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் மார்க்கஸ் வெசிலியஸ் கம்ப்பஸ் என்னும் செல்வர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, தம் நிலத்திலேயே நீள்வட்ட வடிவில் பெரியதோர் அரங்கினைக் கட்டினார். பல்லாயிரவர் அமர்ந்து மற்போரும் விலங்குப் போரும் கண்ட அரங்கம் அது. மண்ணுள் புதைந்து கிடந்த அதனை 1932இல் கண்டெடுத்தனர். ஊரின் கிழக்கு எல்லையில் அதன் வாயில் வளைவுகளை இன்றும் காணலாம்.

முஸ்லிம்கள் இங்கு வந்தது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காண நாம் சிசிலித் தீவுக்குச் செல்ல வேண்டும். அரபியர் ஸிகில்லியா என்றழைத்த அத்தீவில் கி.பி. 827இல் முஸ்லிம் படைகள் கால் வைத்தன. 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கு முஸ்லிம் ஆட்சி நிலவியது. பின்னர், வடக்கிலிருந்து வந்த நார்மன் வீரர்கள் 1061இல் படையெடுப்பைத் தொடங்கி, 1091க்குள் தீவு முழுவதையும் கைப்பற்றினர்.

நார்மன் மன்னர்கள் தொடக்கத்தில் முஸ்லிம்களின் அறிவையும் கைத்திறனையும் போற்றினர். அவர்களுடைய அரசவையில் அரபு மொழி வழங்கியது. மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலெர்மோ அரச நெசவுக்கூடத்தில் தயாரான பட்டுப் போர்வையின் விளிம்பில், ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டோடு அரபு எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இப்போது அது வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. எனினும் காலப்போக்கில் நிலைமை மாறியது. முஸ்லிம் உழவர்களின் நிலங்கள் பறிபோயின, கலவரங்கள் மூண்டன, எஞ்சியோர் தீவின் மேற்கிலுள்ள மலைகளில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து எதிர்த்துப் போராடலாயினர்.

இந்நிலையில் அரியணை ஏறியவரே இரண்டாம் ஃபிரெடரிக். 1194இல் பிறந்த இவர், 1220இல் புனித ரோமானியப் பேரரசராக முடிசூடினார். மலைப்பகுதி முஸ்லிம்களின் தலைவராயிருந்த முஹம்மது இப்னு அப்பாத் பிடிபட்டுக் கொல்லப்பட்ட பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. பேரரசர் ஒரு முடிவெடுத்தார். சிசிலியில் இருந்த முஸ்லிம்களை வேரோடு பெயர்த்து, கடல் கடந்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள லுச்சேராவில் குடியமர்த்த ஆணையிட்டார். 1220களில் தொடங்கிய இவ்வெளியேற்றம் 1240களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. இவ்வாறு வந்தோர் 15,000 முதல் 20,000 பேர் வரை இருக்கலாம் என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இன்னும் கூடுதலாகக் கூறுவோரும் உண்டு.

வாசகர்களே, பிறந்த மண்ணையும், மூதாதையரின் அடக்கத்தலங்களையும், தலைமுறை தலைமுறையாகப் பேணிய தோட்டங்களையும் விட்டு, குழந்தை குட்டிகளோடு அவர்கள் நடந்த வழியை எண்ணிப் பாருங்கள். ஃபிரெடரிக்கை முஸ்லிம்களின் நண்பர் என்று புகழ்வோர், லுச்சேரா ஒரு நாடுகடத்தலில் பிறந்த ஊர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பேரரசரின் கணக்கு

போப்பாண்டவரோடு இடையறாது பூசலிட்டு வந்தவர் ஃபிரெடரிக். 1227இலும் 1239இலும் அவரைத் திருச்சபை விலக்கி வைத்தது. அவ்வாறு விலக்கப்பட்ட மன்னனுக்குக் கீழ்ப்படிய கிறிஸ்தவப் படைவீரர் தயங்கக்கூடும். ஆனால் திருச்சபையின் விலக்காணை முஸ்லிம் வீரரை என்ன செய்யும்? எனவே லுச்சேராவின் வில்லாளிகள் அவருடைய நம்பிக்கைக்குரிய படையாயினர். 1237இல் கோர்த்தேநுவோவா என்னுமிடத்தில் அவர் பெற்ற பெருவெற்றியில் அவர்களும் பங்கேற்றனர்.

படைத்தொழில் மட்டுமன்று, லுச்சேரா முஸ்லிம்கள் சிறந்த உழவர்களாகவும் இருந்தனர். தவோலியேரே சமவெளியில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்தனர். தோல் பதனிடுவோர், மட்பாண்டம் வனைவோர், கூடாரம் தைப்போர், ஆயுதம் வடிப்போர், மருத்துவர் எனப் பலரும் அவர்களிடையே இருந்தனர். பேரரசரின் வேட்டைச் சிறுத்தைகளைப் பழக்கியவர்களும் அவர்களே.

சமய வாழ்வில் அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. தங்கள் வழக்குகளைத் தங்கள் காழியிடமே தீர்த்துக்கொண்டனர். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் சிசிலியின் கிறிஸ்தவரிடமும் யூதரிடமும் வசூலிக்கப்பட்ட ஜிஸ்யா வரியை, ஆட்சி மாறிய பின் கிறிஸ்தவ மன்னர்கள் முஸ்லிம்களிடம் வசூலித்தனர். அந்த அரபுச் சொல்லே சற்றுத் திரிந்த வடிவில் லுச்சேராவின் இலத்தீன் ஆவணங்களில் காணப்படுகிறது! அதனோடு நிலவரியும் சேர்ந்தது. ஆக, அவர்கள் பேரரசரின் குடிகள் என்பதைவிட, பேரரசரின் உடைமை என்று கருதப்பட்டனர் என்பதே பொருத்தம்.

1233இல் போப் ஒன்பதாம் கிரிகோரி, லுச்சேரா மக்களிடையே சமயப் பிரசாரம் செய்ய டொமினிக்கன் துறவியரை அனுமதிக்குமாறு பேரரசரைக் கேட்டுக்கொண்டார். அம்மக்கள் இத்தாலிய மொழியை அறிவர் என்று அக்கடிதம் கூறுகிறது. வந்து பத்தாண்டுகளுக்குள் அவர்கள் அண்டை மக்களோடு பேசிப் பழகிவிட்டனர் என்பதற்கு இது சான்று.

ஓர் ஆலிம் கண்ட லுச்சேரா

ஃபிரெடரிக் 1250 டிசம்பர் 13இல் காலமானார். பின்னர் அவர் மகன் மன்ஃபிரெடுக்கு இக்கட்டு நேர்ந்தது. 1254 நவம்பரில், போப்பாண்டவரின் படைகளுக்கு அஞ்சி ஓடிய அவர், சிலரோடு லுச்சேராவின் கோட்டை வாயிலை அடைந்தார். காவல் தலைவர் ஊரில் இல்லை. உள்ளிருந்த முஸ்லிம்கள் தாங்களே வாயிலைத் திறந்து அவரை வரவேற்றனர். அங்கிருந்த கருவூலத்தைக் கொண்டே அவர் படை திரட்டி, இழந்த நாட்டை மீட்டு, 1258இல் மன்னரானார்.

அம்மன்னரின் அவைக்கு எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் ஒரு தூதரை அனுப்பினார். சிரியாவின் ஹமா நகரில் பிறந்த மார்க்க அறிஞரும் வரலாற்றாசிரியருமான இப்னு வாஸில் அவர்களே அத்தூதர். ஹிஜ்ரி 659ஆம் ஆண்டு ரமளான் மாதம், அதாவது 1261இல், அவர் புறப்பட்டார். தாம் கண்டதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். தாம் தங்கியிருந்த இடத்துக்கு அருகே லுச்சேரா என்னும் ஊர் உள்ளது என்றும், அதன் மக்கள் அனைவரும் சிசிலியிலிருந்து வந்த முஸ்லிம்கள் என்றும், அங்கு ஜும்ஆ நடைபெறுகிறது, இஸ்லாமியச் சடங்குகள் வெளிப்படையாக நிறைவேற்றப்படுகின்றன என்றும் எழுதுகிறார். மன்னரின் பாசறையில் பாங்கு கூறித் தொழுகை நடந்ததையும், அறிவியல் கலைகளுக்காக அவ்வூரில் மன்னர் ஒரு கல்விக்கூடம் கட்டத் தொடங்கியிருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். மன்னரின் அறிவுத் தாகத்தைக் கண்டு மகிழ்ந்த இப்னு வாஸில், தர்க்கவியல் நூலொன்றை அவருக்காக இயற்றி அளித்தார்.

கல்விக்கூடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஊருக்கு இன்னும் 39 ஆண்டுகளே எஞ்சியிருந்தன.

1300 ஆகஸ்டு

1266 பிப்ரவரியில் பெனெவெந்தோ போர்க்களத்தில் மன்ஃபிரெட் வீழ்ந்தார். லுச்சேராவின் வில்லாளிகளும் அவரோடு நின்று போரிட்டனர். போப்பாண்டவரின் ஆதரவோடு வந்த பிரெஞ்சு இளவரசர் அஞ்சு நாட்டுச் சார்லஸ் மன்னரானார். 1268இல் லுச்சேரா கிளர்ந்தெழுந்தது. நீண்ட முற்றுகைக்குப் பின் 1269 ஆகஸ்டில் பசியால் வாடிச் சரணடைந்தது. வியப்பு என்னவெனில், சார்லஸ் அம்மக்களை அழிக்கவில்லை. கடும் வரி விதித்தார். அவர்களையே தம் படையிலும் சேர்த்துக்கொண்டார். பகைவனுக்கும் அவர்கள் பயன்பட்டனர், ஆதலால் பிழைத்தனர்.

அவர் மகன் இரண்டாம் சார்லஸ் காலத்தில் நிலைமை மாறிற்று. 1282இல் சிசிலி மக்கள் கிளர்ச்சி செய்து பிரிந்து போயினர். அத்தீவை மீட்கும் போரில் அரசின் கருவூலம் வறண்டது. வெளிநாட்டு வட்டிக்கடைகளிடம் கடன் மலையாய்க் குவிந்தது. 1300ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 699) ஆகஸ்டு மாதம், அரச அதிகாரியான பார்லெத்தா ஊர் ஜொவான்னி பிப்பினோ என்பவர் படையுடன் லுச்சேராவினுள் புகுந்தார். எதிர்த்தோர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் சிறைப்பிடிக்கப்பட்டு, கூட்டம் கூட்டமாகப் பல ஊர்களுக்கு நடத்திச் செல்லப்பட்டு, அடிமைகளாக விற்கப்பட்டனர். விற்கப்பட்டோர் தொகை பத்தாயிரத்தை ஒட்டியிருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களுடைய தானியமும் கால்நடைகளும் விற்பனையாயின. வருவாய் அரசுக் கணக்கில் சேர்ந்தது. மன்னர் தம் செயலுக்குச் சமயத்தைக் காரணமாகக் காட்டினார். ஆனால் அரச ஆணைகளில் விலையையும் வசூலையும் பற்றிய கவலை நிறைந்து கிடக்கிறது. ஜூலி டெய்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் லுச்சேரா முஸ்லிம்களைக் குறித்து 2003இல் வெளியிட்ட நூல் இவற்றை விரிவாக ஆராய்கிறது.

ஊரின் பெயரும் மாற்றப்பட்டது. ‘புனித மரியாளின் நகரம்’ என்று புதுப்பெயர் சூட்டினர். ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. லுச்சேரா என்ற பழம்பெயரே வென்றது.

இன்று காணத்தக்கவை

ரோமிலிருந்து இரயிலில் ஃபோஜ்ஜியா வந்து, அங்கிருந்து கிளைப் பாதை இரயிலிலோ பேருந்திலோ லுச்சேராவை எளிதில் அடையலாம். ஊரின் மேற்கே, மோந்தே அல்பானோ குன்றின் மேல் நிற்கிறது கோட்டை. அதன் மதில் சுற்றளவு ஏறத்தாழ 900 மீட்டர். முதலாம் சார்லஸ் 1269க்குப் பின் எழுப்பியது இம்மதில். அதன் மூலைகளிலுள்ள இரு உருண்டைக் கோபுரங்களைச் சிங்கம் என்றும் பெண்சிங்கம் என்றும் அழைக்கின்றனர். உள்ளே ஃபிரெடரிக்கின் அரண்மனையின் சரிவான அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. நிலநடுக்கம் சிதைத்தது போக மீதியை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கற்களுக்காக மனிதரே பெயர்த்தெடுத்துவிட்டனர். மதில் மீதிருந்து நோக்கினால், கிழக்கே கார்கானோ மலையும், மேற்கே டவுனியா மலைகளும், நடுவே பொன்னிறக் கோதுமை வயல்களும் தெரியும்.

ஊரின் நடுவே நிற்பது பேராலயம். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட உடனே இரண்டாம் சார்லஸ் இதைக் கட்டத் தொடங்கினார். பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலேயே இது எழுந்தது எனக் கருதப்படுகிறது. அழகு மிகுந்த பச்சைக் கல் தூண்கள் உள்ளே உள்ளன. பலிபீடத்தின் மேற்பலகைக் கல், ஒரு காலத்தில் ஃபிரெடரிக்கின் விருந்து மேசையாக இருந்தது என்பது ஊர் வழக்கு. முஸ்லிம் குடியிருப்புக் காலத்து மட்பாண்டங்களும் ரோமானியச் சிலைகளும் காண விரும்புவோர் நகர அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

சுற்றுப்புறங்களிலும் பார்க்க வேண்டியவை உள. தெற்கே துரோயா என்னும் மலையூர். அதன் பேராலயம் 1093இல் தொடங்கப்பட்டது. முகப்பிலுள்ள சக்கர வடிவக் கல் சாளரம் பதினொரு பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொரு பிரிவிலும் வெவ்வேறு பின்னல் வேலைப்பாடு. அதைக் காணும் எவருக்கும் நம் பள்ளிவாசல்களின் கல் பின்னல் சாளரங்கள் நினைவுக்கு வரும். மேற்கே குன்றுகளிடையே தெர்த்திவேரி என்னும் பாழடைந்த ஊர், ஒற்றைக் கோபுரச் சிதைவோடு நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் லுச்சேராவைச் சேர்ந்த அப்துல் அஸீஸ் என்னும் முஸ்லிம் வீரருக்கு அரசர் அளித்த ஊர் அது. வடக்கே தொர்ரேமஜ்ஜோரே அருகில், ஃபிரெடரிக் உயிர் நீத்த ஃபியொரெந்தீனோ கோட்டையின் இடிபாடுகள் உள்ளன.

ஃபோஜ்ஜியாவில் 1223இல் அவர் கட்டத் தொடங்கிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு வளைவு. கார்கானோ மலை மீதுள்ள மோந்தே சாந்த் ஆஞ்செலோ ஊரின் குகைக் கோயில் 2011இலும், தெற்கே ஆந்திரியா அருகேயுள்ள காஸ்தெல் தெல் மோந்தே 1996இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. காஸ்தெல் தெல் மோந்தே ஃபிரெடரிக் கட்டிய எண்கோணக் கோட்டை: எட்டுப் பக்கம், எட்டுக் கோபுரம், ஒவ்வொரு தளத்திலும் எட்டு அறை. இத்தாலியின் ஒரு சென்ட் யூரோ நாணயத்தில் இதன் உருவம் உண்டு.

சிந்தனைக்கு

லுச்சேராவின் கதையைக் கேட்டுக் கண் கலங்குவது இயல்பு. ஆனால் கலக்கத்தோடு நின்றுவிடலாகாது. அம்மக்கள் உழைத்தனர், அண்டை மொழியைக் கற்றனர், மாறி மாறி வந்த மன்னர்களுக்கும் படைத்துணை தந்தனர், வரி செலுத்தினர். ஆயினும் அவர்களுடைய பாதுகாப்பு உரிமையின் மீது நிற்கவில்லை. அரசனின் தேவை மீது நின்றது. தேவை இருந்தவரை சலுகை இருந்தது. கருவூலம் வறண்ட நாளில், சலுகை பெற்ற குடிகளே விற்பனைப் பொருளாயினர். சிறுபான்மையாக வாழும் எந்தச் சமுதாயத்துக்கும், அது எம்மதத்தைச் சார்ந்ததாயினும், இதில் படிப்பினை உண்டு. ஒருவரின் தயவு நிழல் தரும். ஆனால் அனைவர்க்கும் பொதுவான சட்டமும் நீதியுமே கூரையாக நிற்கும். நம்மிடையே வாழும் சிறு தொகையினருக்கு நாம் அந்த நீதியை வழங்குகிறோமா என்று கேட்டுக்கொள்வதும் இப்படிப்பினையின் ஒரு பகுதியே.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1300இல் நடந்தவற்றுக்கு இன்றைய லுச்சேரா மக்கள் பொறுப்பாளிகள் அல்லர். அம்முஸ்லிம்களின் வரலாற்றை ஆவணக் குவியலிலிருந்து மீட்டெடுத்து உலகுக்குத் தந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலிய, ஜெர்மானிய அறிஞர்களே. தங்கள் முன்னோர் இழைத்த அநீதியை மறைக்காது எழுதிய அந்நேர்மையை நாம் மதித்தல் வேண்டும்.

இத்தாலிக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் வாசகர்கள், ரோமும் வெனிஸும் பார்த்த பின் ஒரு நாளை லுச்சேராவுக்கு ஒதுக்குங்கள். கோட்டை மதிலருகே நின்று அந்தச் சமவெளியைக் காணுங்கள். பெயர் தெரியாமல் போன அம்மக்களுக்காக, அங்கு ஒரு துஆ செய்யுங்கள்.